ஒட்டுக்கேட்கிறவளின் வீட்டுக்காரர்

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். வைத்தவள் கீழ்வீட்டுக்காரி. படிக்கட்டில் எதிரே வந்தால் ஒரு சிரிப்பு; தண்ணீர் வரவில்லை என்று எல்லா வீட்டாரும் கூடிக் கத்தினால் ஒரு தலையாட்டல்; அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் அவளிடமிருந்து ஒரு சொல் பெயராது. "இவ எப்படித்தான் அந்த மனுஷனோட குடும்பம் நடத்துறாளோ!" என்று கீழ்வீட்டுக்காரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதிசயப்படுவாள்.

அந்த மனுஷன் என்றது அவள் புருஷனை. ஃபிரிட்ஜ் மெக்கானிக், சின்னதாக ஒரு ரிப்பேர் கடை. அவர் வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டும் பேசுவார். பல் தேய்க்கும்போது பேசி நுரையை விழுங்கியவர். அவர் பேச்சில் தலையும் இருக்காது வாலும் இருக்காது, ஆனால் கேட்க ஆரம்பித்தால் எழுந்து போக மனம் வராது.

பொருத்தம் என்றால் அதுவல்லவா பொருத்தம்! அவருக்குப் பேச வேண்டும், அவளுக்குக் கேட்க வேண்டும். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூருக்கு அனுப்பிய பிறகும் அந்த வீட்டில் வெறிச்சென்று ஒரு நாள் இருந்ததில்லை. சாயங்காலம் அவள் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தால், அவர் சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டுக்கொண்டு அன்றைய கதையைத் தொடங்குவார். பாதிக் கதை ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பற்றியது. வாத்தியார் வீட்டில் ஒரு பழைய ஃபிரிட்ஜ். வாத்தியார் தினமும் போன் போட்டு இன்றைக்கு ஐஸ் கட்டுகிறது என்பார், நாளைக்கு ஐஸ் கட்டவில்லை என்பார்.

"அந்த ஃபிரிட்ஜுக்கு ஒண்ணுமே இல்லை. அவருக்குப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்" என்பார் மெக்கானிக். "வாரத்துல ஒரு தரம் போய், கதவைத் திறந்து, ரெண்டு தட்டு தட்டி, மூடிட்டு வரேன். மனுஷன் தெம்பாயிடறார்."

இவ்வளவு பேசுகிறவர் ஒன்றை மட்டும் சொல்லமாட்டார். யார் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் என்ன இருந்தது என்பதை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. ஊசி மருந்து இருக்கும், ஒளித்துவைத்த பாட்டில் இருக்கும், சில பெரிய வீடுகளில் ஒன்றுமே இருக்காது. "ஃபிரிட்ஜைத் திறந்தா வீட்டையே திறந்த மாதிரி. பார்த்ததை உள்ளேயே வச்சு மூடிட்டு வந்துடணும்" என்பார். அதைக் கேட்கும்போது மட்டும் அவளுக்கு எங்கோ சுருக்கென்று தைக்கும்.

ஏன் தைக்காது? அவள் பிழைப்பே அடுத்தவர் வீட்டைத் திறந்து பார்ப்பதுதான்.

மெக்கானிக்குத் தெரிந்ததெல்லாம் மனைவிக்கு அரசாங்கத்தில் தட்டச்சு வேலை என்பது மட்டும். "அப்படி என்னத்தைத்தான் டைப் அடிக்கிறே?" என்று ஆரம்பத்தில் கேட்டிருக்கிறார். "வர்றதை அடிக்கிறேன்" என்றாள். பொய்யில்லை. வந்ததைத்தான் அடித்தாள். காதில் வந்ததை.

அலுவலகம் ஒரு சாதாரணக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. வாசலில் ஏதோ புள்ளிவிவரத் துறை என்று பலகை. உள்ளே போகும்போதே கைபேசியை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஜன்னல்களைத் திறக்க முடியாது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், காலடியில் ஒரு பெடல். பெடலை முன்னால் மிதித்தால் பேச்சு ஓடும், பின்னால் மிதித்தால் திரும்பி வரும். யாராரோ யாராருடனோ போனில் பேசியதைக் கேட்டு, சாரத்தை அடித்து வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்தபோது புதுப்பெண். புருஷனிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கட்டிய புருஷன் முகமே இன்னும் பழகாதவளிடம் கேட்கிற கேள்வியா அது! போட்டுவிட்டாள்.

அவளுக்கு வேலை பிடித்திருந்தது. மூடி மறைக்க என்ன இருக்கிறது? கேட்பது கெட்டவர்களைத்தான் என்று சொல்லியிருந்தார்கள், நம்பினாள். கெட்டவர்களும் முக்கால்வாசி நேரம் சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா என்றுதான் பேசினார்கள். அதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. வீட்டில் மெக்கானிக் கதை சொல்லும்போதும் அவள் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். நல்ல இடம் வந்தால் பின்னால் மிதிப்பாள். திரும்பி வராது, அது ஒன்றுதான் குறை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு திங்கட்கிழமை காலையில் பத்திரிகை வந்து மோதியது.

அவள் துறையிலேயே, ஐந்தாவது மாடியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், இருக்கிற ரகசியத்தையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய்ப் பத்திரிகைக்காரர்களிடம் கொட்டிவிட்டு நாட்டை விட்டே போய்விட்டார். முதல் பக்கம் முழுக்க அதுதான். திருடர்களையும் சதிகாரர்களையும் மட்டுமல்ல, சங்கத்துக்காரர்கள், வக்கீல்கள், வாயைத் திறந்து கேள்வி கேட்ட பொதுஜனம் என்று யாரையெல்லாமோ அரசாங்கம் ஒட்டுக்கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள். டிவியில் ஒருவர் அந்த ஆளைத் தேசத்துரோகி என்றார், இன்னொருவர் அவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்றார், இருவரும் சேர்ந்து கத்தியதில் யார் எதைச் சொன்னார் என்பதே தெரியவில்லை. மறுநாள் மந்திரி வந்தார். "மனிதர்கள் யாரும் கேட்பதில்லை. எல்லாம் இயந்திரம்தான். மக்கள் வீணாகப் பீதியடைய வேண்டாம்" என்றார்.

அவளுக்கு வந்ததே கோபம்! இயந்திரமாம் இயந்திரம்! இத்தனை வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இவர் வீட்டு மிக்சியா? கையிலிருந்த கரண்டியை நங்கென்று வைத்தாள்.

"பார்த்தியா, உனக்கே கோபம் வருது" என்றார் மெக்கானிக். "அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். சொன்னானே, அவன் மனுஷன். ஒருத்தன் பேசறதை ஒளிஞ்சு நின்னு கேக்கறதும் ஒரு பொழைப்பா? த்தூ!"

அந்தத் த்தூ அவள் நெஞ்சில் போய் விழுந்தது. நங்கென்று வைத்த கரண்டியை மறுபடி எடுத்துக் குழம்பைக் கிளறினாள்.

இரண்டு நாள் ஊருக்கே கேட்கக் கத்திய மெக்கானிக், மூன்றாம் நாளிலிருந்து அடங்கத் தொடங்கினார். கைபேசியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார். டிவியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவள் ஏதோ கேட்க வந்தால் உதட்டில் விரலை வைத்துக் கூரையைக் காட்டினார். உப்பு வேண்டுமா என்பதற்கும் ஜாடைதான். போன் வந்தால், "ம். வரேன். நேர்ல பேசிக்கலாம். வை" என்பார். வாத்தியாருக்கும் அதே பதில்தான். மகள் கூப்பிட்டு, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று பயந்து கேட்டாள்.

"என்னங்க, உங்க போனை யாருங்க கேக்கப்போறா?" என்றாள் அவள், பொறுக்கமாட்டாமல்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கிசுகிசுத்தார்.

அதற்கு என்ன சொல்வாள்? எனக்குத் தெரியும், ஏனென்றால் கேட்பவள் நான்தான் என்றா?

அந்த வீட்டுச் சாயங்காலங்கள் செத்துப்போயின. முக்காலி மூலையில் கிடந்தது. பீன்ஸ் நறுக்குகிற சத்தம் அவளுக்கே கேட்டது. நாளெல்லாம் அந்நியர்களைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு இந்த ஒரு குரல்தான் சொந்தம். அதுவும் போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? அழுகை அழுகையாக வந்தது அவளுக்கு.

இங்கேதான் அவள் அந்த முட்டாள்தனத்தைச் செய்தாள். அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களைத் தவிர வேறு யாராலும் செய்யவே முடியாத முட்டாள்தனம். அலுவலகத்து மூலையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எந்த எண்ணைத் தட்டினாலும் அது கண்காணிப்பில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். பரம ரகசியமான அந்தக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லை யாரோ புண்ணியவான் சீட்டில் எழுதி அதன் நெற்றியிலேயே ஒட்டியிருந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்து, புருஷன் எண்ணைத் தட்டினாள். 'கண்காணிப்பில் இல்லை' என்று வந்தது. உயிர் வந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் பக்கத்து மேஜைத் தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினான். தம்பி என்றால் சின்னப் பையனில்லை, தலையில் பாதி முடி போனவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

"அக்கா, புதுசா ஒருத்தன் வந்திருக்கான். ஃபிரிட்ஜ் ரிப்பேராம். போன் ஏதோ கடை பேர்ல இருக்கு. வாயையே திறக்க மாட்டேங்கிறான் அக்கா. ம்-ங்கிறான், நேர்ல பேசலாம்-ங்கிறான், வச்சுடறான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவனுக்கு என்ன அப்படி ரகசியம்?"

அவள் தன் ஹெட்போனையும் கழற்றினாள். "எப்படி வந்துச்சு அந்த நம்பர்?"

"புது விதிதான். மேனேஜர் கூட்டம் போட்டுக் கத்தினாரே, மறந்துட்டீங்களா? உள்ளாள்தான் விஷயத்தை வெளிய விட்டான்னு இப்ப உள்ளாளுங்க தேடற நம்பரையெல்லாம் தானாவே கண்காணிப்புல போட்டுடறாங்க. நம்ம பொதுக் கம்ப்யூட்டர்ல எவனோ தேடியிருக்கான்."

மேனேஜர் கூட்டம் போட்டது உண்மை. அவள் அங்கேதான் நின்றாள். காதை வைத்தே சம்பளம் வாங்குகிறவள், அந்த ஒரு நாள் மட்டும் காது கொடுக்காமல், உப்புக்கு ஜாடை காட்டுகிற புருஷனை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் எண்ணை யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளப் போய், கேட்க வைத்துவிட்டாள். சொல்லி அழக்கூட ஆளில்லை.

வாரக் கடைசியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முடிவு எழுத வேண்டும். ஒன்று 'பயனில்லை', அத்தோடு அந்த எண்ணை மூடிவிடுவார்கள். இல்லையென்றால் 'மேலே அனுப்பவும்'. மேலே போனால் கடையைச் சோதிப்பார்கள், வீட்டுக்கு ஆள் வரும், கேள்விமேல் கேள்வி கேட்பார்கள்.

"நான் மேல அனுப்பிடலாம்னு இருக்கேன்" என்றான் தம்பி.

"ஒரு ஆள் பேசலைன்னா அதுவும் குத்தமா? இன்னும் ஒரு வாரம் பாரேன்" என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி அவன் கேட்டதே இல்லை. சரி அக்கா என்றுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக்கின் கையைப் பிடித்துத் தரதரவென்று குளியலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவைத் தாழ் போட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். மனுஷன் மிரண்டுபோனார்.

"ஏய், என்ன ஆச்சு உனக்கு?"

"நான் சொல்றதைக் குறுக்க பேசாம கேளுங்க. நான் டைப் அடிக்கிறது அந்த வேலைதான். பேப்பர்ல வந்துச்சே, அது. மெஷின் இல்லீங்க. நாங்கதான்."

வாளி நிரம்பி வழிந்தது. ஒன்றுவிடாமல் சொன்னாள். பொதுக் கம்ப்யூட்டரை, பக்கத்து மேஜைத் தம்பியை, மேலே அனுப்புவதை, எல்லாவற்றையும்.

அவர் வாளியைப் பார்த்தபடி கேட்டார்.

"அழறவங்களையும் கேட்டியா?"

"கேட்டேன்."

"புதுசா கல்யாணம் பண்ணினதுங்க பேசிக்கிறதை?"

"அதையும்தான்."

அவர் குனிந்து குழாயை மூடினார். "தண்ணி வீணாகுது" என்றார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"எப்பவும் போல பேசுங்க. போன்ல. அது போதும்."

தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

திங்கட்கிழமையிலிருந்து பேசினார் பாருங்கள், மடை திறந்த வெள்ளம்! பக்கத்து மேஜைத் தம்பி காலையில் வந்து ஹெட்போனை மாட்டினால் மத்தியானம் வரை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான். "அக்கா, இந்த ஆள் ஊமை இல்லை, நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஃபிரிட்ஜையும் பொண்டாட்டி மனசையும் அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாதுங்கறான்! பேசாம வெளியூர்ல இருக்கற என் மாமனாரை இவன்கிட்ட ரிப்பேருக்கு அனுப்பலாம்னு பார்க்கறேன்."

அவள் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது ஜாடைகூட இல்லை. முன்பு பேசாமலிருந்தது பயத்தில், இப்போது பேசாமலிருப்பது கோபத்தில். போட்டதைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் அவளுக்கு. அரசாங்கத்துக்கு அவர் பேச்சைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டாள், தனக்கு இல்லாமல் போய்விட்டது. அந்த ஐந்தாம் மாடிக்காரரை நினைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கரித்துக்கொட்டினார்கள், அவளும் கரித்துக்கொட்டியவள்தான். இப்போது அதற்கு வாய் வரவில்லை. அவர் நாட்டுக்கே சொன்னார், இவள் குளியலறையில் ஒரே ஒருவருக்குச் சொன்னாள். செய்தது ஒன்றுதான். அந்த மனுஷனும் சொல்வதற்கு முன்னால் எங்கோ ஒரு குழாயைத் திறந்துவிட்டிருப்பார் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தம்பி அவள் தோளைத் தட்டினான். இந்த முறை சிரிக்கவில்லை.

"அக்கா, இன்னைக்கு முடிவு எழுதணும். இதைக் கொஞ்சம் கேட்டுட்டுச் சொல்லுங்களேன். வீட்ல சண்டை போல. பாவமா இருக்கு."

தெரிந்தவர் குரல் காதில் விழுந்தால் அந்த நிமிஷமே ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேனேஜரிடம் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

முதலில் வாத்தியாரின் இருமல். பிறகு, "என்னப்பா, ஒரு வாரமா இவ்வளவு பேசறே, குரல்ல மட்டும் சந்தோஷமே இல்லையே" என்றார் வாத்தியார்.

"வீட்ல அவ மேல கோபம் சார்" என்றது அவள் புருஷன் குரல். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவள் ஹெட்போனில் கேட்டதில்லை. காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. "என்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டா. சின்ன விஷயம் இல்லை சார், எனக்கு ஆறவே இல்லை. இப்போதைக்கு ஆறவும் ஆறாது."

"அப்போ நல்லாத் திட்டேன். திட்டினா ஆறிடும்."

"அதுதான் சார் கஷ்டம். அந்தக் கோபத்தைக்கூட அவகிட்டதான் சொல்லணும்னு இருக்கு. காலையிலேருந்து இருட்டற வரைக்கும் ஊர்ல இருக்கறவன்கிட்டயெல்லாம் பேசறேன். எவ்வளவு பேசினாலும் பேசின மாதிரியே இல்லை. அவ கேட்டாத்தான் சார் எனக்குச் சொன்னதாவே ஆகுது."

அவள் பெடலைப் பின்னால் மிதித்தாள். இன்னொரு தரம் கேட்டாள். பிறகு இன்னொரு தரம்.

"என்ன அக்கா, அழறீங்க?" என்றான் தம்பி.

"கண்ணுல தூசி." ஹெட்போனைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

"என்ன போடட்டும்?"

"பயனில்லைன்னு போடு" என்றாள்.

அவன் அடித்தான். எண் மூடப்பட்டது.

அன்று சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது மெக்கானிக் அவளுக்கு முன்பே வீட்டில் இருந்தார். செருப்பைக்கூட அவள் கழற்றவில்லை, அதற்குள் கேட்டார்.

"வந்து சேர்ந்துச்சா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாத்தியாரிடம் சொன்னது வாத்தியாருக்கு இல்லை.

"வந்துச்சு."

"முழுசா?"

"முழுசா. வாத்தியார் இருமினதுகூட."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. "கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதே."

"நினைக்கலை."

"அந்த வேலை வேண்டாம்."

"திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துடறேன்" என்றாள். பேருந்தில் வரும்போதே அதை முடிவு செய்திருந்தாள்.

அவர் மூலையில் கிடந்த முக்காலியை இழுத்தார். வழக்கம்போல வாசலில் போட்டுக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தாள். அவளுக்குப் போட்டார்.

"நீ உட்காரு. இன்னைக்கு நான் பேசப்போறதில்லை. இத்தனை வருஷமா வச்சிருந்தியே, நீ சொல்லு."

உட்கார்ந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. யார் வீட்டுக் கதையையும் சொல்லக் கூடாது, அதில் அவளுக்குக் குழப்பமில்லை. அதையெல்லாம் கழித்துவிட்டால் தன்னுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தாள். ஒன்று இருந்தது. ஏன், எப்படி வந்தது என்று கேட்பாரே என்பதற்காகவே அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று.

"எனக்குக் கழுத்து வலிக்குதுங்க" என்றாள்.

"எத்தனை நாளா?"

"வேலைக்குச் சேர்ந்து ஹெட்போன் மாட்டினதிலேருந்து."

"அடிப்பாவி!" என்றார் அவர். எழுந்து வந்து, அவள் பின்னால் நின்று, "எந்த இடத்துல?" என்று கேட்டார்.